சான் மரினோவுக்கு இரண்டு தலைவர்கள்

பதினேழு வயதில் ஒரு குடியரசின் வெளியுறவு முழுவதும் என் கையில் இருந்தது. முழுவதும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். பாதி என் சிநேகிதியின் கையில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சமூகக் கல்வி ஆசிரியர் இருந்தார். நெடுத்த மனிதர், கோட்டின் கையில் எப்போதும் சோக்குத் தூள் இருக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் உடற்பயிற்சி மண்டபத்தில் அவர் நாடுகளின் கண்காட்சி ஒன்றை நடத்துவார். இரண்டு பேருக்கு ஒரு நாடு. அந்த நாட்டின் வரலாறு, சின்னங்கள், வெளியுறவு எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் பெரிய பங்கு இதற்குத்தான்.

நாங்கள் பிரேசில் கேட்டோம். கால்பந்து, கோப்பி, ஆட்டம் என்று மேசையை நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் சீட்டெடுக்க வேண்டுமாம். அவள் தொப்பிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாசித்துவிட்டு, இது நாடா சவர்க்காரமா என்று என்னைக் கேட்டாள். துண்டில் சான் மரினோ என்று இருந்தது. நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் அதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மலை, மலையடியில் கொஞ்ச நிலம், நாலு பக்கமும் இத்தாலி. கடல் கூடக் கிடையாது. பக்கத்து மேசைப் பையன்களுக்கு ஜப்பான் கிடைத்திருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்த நாட்டை நாங்கள் இறுகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் ஊர்ச் சங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வேலிகளுக்கு நடுவே போகும் ஐந்து ஒழுங்கையும் ஒரு குளமும் ஒரு பிள்ளையார் கோயிலும். அவ்வளவுதான். அதற்கு ரொறன்ரோவில் ஒரு சங்கம் இருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் சங்கம், மூன்றாவது ஆள் வந்தால் பிளவு, இதில் புதினம் ஒன்றும் இல்லை. தலைவர் என் சிநேகிதியின் அப்பா. அவரை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். செயலாளர் என் அப்பா. இருவரும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே வருடம் கனடாவுக்கு வந்து, ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒரே போர்வைக்கு இழுபறிப்பட்டவர்கள். நானும் அவளும் பிறந்ததிலிருந்தே சிநேகிதிகள் என்று சொன்னால் அதில் எங்கள் பங்கு ஒன்றும் இல்லை. அப்பாமார் செய்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடு ஒரு திரியால் கெட்டது. ஆண்டு விழாவில் மங்கள விளக்கேற்ற வேண்டியவர்களின் பெயர்களை அங்கிள் ஒலிவாங்கியில் வாசித்தார். குத்துவிளக்கில் ஐந்து திரி. பிரதம விருந்தினர், அவருடைய மனைவி, ஐயர், தலைவர், தலைவரின் மனைவி என்று ஐந்தும் முடிந்துவிட்டன. அந்த விளக்கைப் புளி போட்டு மினுக்கி, காரின் பின்பெட்டியில் சீலை சுற்றிக் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு, திரி திரித்து வைத்தவர் என் அப்பா. அவருக்கென்று ஒரு திரியும் மிஞ்சவில்லை. மேடைக்குப் பக்கத்தில் நெருப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அங்கிளுக்கு வேண்டுமென்று செய்யும் குணம் இல்லை. அவர் மறந்துதான் போனார். ஆனால் மறந்துபோனேன் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அப்பா தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். கையை உயர்த்தச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் எண்ணினார்கள், இரண்டு பக்கமும் வென்றார்கள். அன்றிலிருந்து ஐந்து ஒழுங்கைக்கு இரண்டு அரசாங்கம். ஒன்று சங்கம், மற்றது ஒன்றியம். பாகப்பிரிவினையில் குத்துவிளக்கு அங்கிளுடன் போனது, பதாகை எங்களுடன் வந்தது. அப்பா அடுத்த கிழமையே அந்த விளக்கைவிடக் கொஞ்சம் உயரமான விளக்கு ஒன்றை வாங்கிவந்து வரவேற்பறையில் வைத்தார். அங்கிள் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அங்கேயும் அதே உத்தரவு என்று அவள் சொன்னாள். அப்பாவும் அங்கிளும் அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை.

இதில் அம்மாமாருக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் இருவரும் கணவர்மார் வேலைக்குப் போன கையோடு தொலைபேசியில் ஏறி, சோறு அவியும் வரை கதைத்தார்கள். ஆனால் எங்களுக்கு அது போதாது. அங்கிள் நகருக்கு வெளியே அஜக்ஸ் என்ற ஊரில் வீடு வாங்கியிருந்தார். யூன் மாதம் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர்கள் குடிபோகிறார்கள், செப்டெம்பரில் அவளுக்கு அங்கே வேறு பள்ளிக்கூடம். எங்களுக்கென்று மிஞ்சியிருந்தது வகுப்பறை மட்டும்தான். யூனுக்குள் அப்பாமார் சமாதானம் ஆகாவிட்டால் அவளை நான் யாராவது ஒருவரின் கலியாண வீட்டில், அதுவும் எதிர்ப் பக்கத்துக் கதிரையில்தான் இனிக் காணலாம். எனக்கு வேறு சிநேகிதி இல்லை. அந்த வயதில் எனக்கு அது உலகம் முடிகிற விஷயமாக இருந்தது. இன்று நினைத்தாலும் அது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில்தான் சான் மரினோ கை கொடுத்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பலவீனம் உண்டு. பிள்ளை எதைக் கேட்டாலும் மறுப்பார்கள், ஆனால் பள்ளிக்கூட வேலை என்று சொன்னால் வாயடைத்துப் போவார்கள். மதிப்பெண்ணுக்கு முன்னால் எந்தப் பகையும் நிற்காது. ஆசிரியர் சேர்த்துவிட்ட சோடி, மாற்ற முடியாது, பெரிய மாக்ஸ் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார். ஒரு கிழமை எங்கள் வீட்டில், மறு கிழமை அவர்கள் வீட்டில் என்று அட்டவணை போட்டோம். ஒரு வருடத்துக்கு மேல் பூட்டியிருந்த எல்லை ஒரே நாளில் திறந்தது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா அவளுடன் நேரே பேசமாட்டார். அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்ததோ என்று அம்மாவிடம் கேட்பார். அந்தப் பிள்ளை அவருக்கு முன்னால்தான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். அங்கிள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவர் என்னை ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டை அள்ளி அள்ளிப் போடுவார். எதிரி வீட்டுப் பிள்ளை பசியோடு போனது என்று ஒரு சொல் வெளியே வரக்கூடாது என்பது அவர் கவலை. அந்த வசந்தத்தில் நான் இரண்டு சுற்றுப் பெருத்தேன்.

சான் மரினோவின் வரலாறு எங்களுக்குப் பிடிக்கத் தொடங்கியது. கல் பொளிகிற ஒருவன், தன் மதத்துக்காகத் துரத்தப்பட்டு, கடல் கடந்து வந்து அந்த மலையில் ஒளித்து வாழ்ந்தானாம். அவனைச் சுற்றிச் சேர்ந்த ஆட்கள்தான் நாடானார்களாம். பிறகு அவனைப் புனிதராக்கினார்கள். இதை நான் வாசித்துக்காட்டியபோது அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, படகில் வந்தவரா என்று கேட்டார். ஓம் என்றேன். அடுத்த நாள் கலைக்களஞ்சியத்திலிருந்து பிரதியெடுத்த புனிதரின் படம் எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது, நெற்றியில் சந்தனப் பொட்டோடு. அகதி வழக்கு முடியாமல் இருந்த தம்பிக்காக, என்னுடைய மாமாவுக்காக, அம்மா அவரிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருந்தார்.

அப்பா மாலையில் பத்திரிகை வாசிப்பதுபோல இருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் வெளியுறவு என்ற பகுதிக்கு வந்தோம். ஐரோப்பாவையே பிடித்துக்கொண்டு வந்த பிரெஞ்சுத் தளபதி ஒருவன் இந்தக் குட்டி நாட்டின் மேல் இரக்கப்பட்டு, பக்கத்து நிலங்களைச் சேர்த்துத் தருகிறேன், கடல் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னானாம். அவர்கள், நன்றி, எங்களுக்கு இருப்பதே போதும் என்று மறுத்துவிட்டார்களாம். பத்திரிகை கீழே இறங்கியது.

"காணி தாறன் எண்டு சொல்ல வேண்டாம் எண்டவங்களோ?" என்றார் அப்பா. "உவங்கள் என்ன மனுசர்?"

நியாயமான கேள்விதான். வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஊரிலிருந்து வந்தவர் அவர். அன்று முழுவதும் அவர் அதே யோசனையில் இருந்தார். சாப்பிடும்போது அம்மாவிடம், கடற்கரைக் காணியாம், வேண்டாமாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

சின்னங்கள் அம்மாமாரின் இலாகா. கொடியில் மேலே வெள்ளை, கீழே இளநீலம், நடுவில் மூன்று கோபுரம். வெள்ளைக்கு அங்கிளின் வேட்டி ஒன்று போனது. நீலத்துக்கு என் அம்மா ஒரு சேலையின் உட்பாவாடையைத் தியாகம் செய்தார். கொடி இரண்டு வீட்டுக்கும் இடையில் என் புத்தகப் பையில் போய்வந்து தைபட்டது. கோபுரங்களின் உச்சியில் ஒவ்வொரு இறகு இருக்க வேண்டும். அவளுடைய அம்மா, எனக்கு அன்ரி, தைத்ததில் அவை கத்தரிக்காயாக முடிந்துவிட்டன. அப்பா வேலை செய்த, ரொட்டி சுடும் வெதுப்பகத்தின் முதலாளி ஓர் இத்தாலியர். அவர் சான் மரினோ என்று கேட்டதும் தோளைக் குலுக்கி, சின்ன வயதில் அங்கே போய் முத்திரை வாங்கியதுதான் ஞாபகம் என்றாராம். அடுத்த நாள் பழைய அல்பத்திலிருந்து ஏழு முத்திரைகளைக் கடித உறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அதை அப்பா சட்டைப் பையில் கையைப் பொத்திக்கொண்டு கொண்டுவந்தார். எங்கள் நாட்டில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பிறகுதான் நாங்கள் ஆட்சி என்ற பகுதிக்கு வந்தோம். சான் மரினோவுக்குத் தலைவர் ஒருவர் அல்ல, இரண்டு பேர். இருவருக்கும் ஒரே அதிகாரம். ஒருவர் சொல்வதை மற்றவர் தடுக்கலாம். ஆறு மாதம்தான் பதவி. ஏப்ரல் முதலாம் திகதியும் ஒக்டோபர் முதலாம் திகதியும் ஆள் மாறிவிடும். பதவி முடிந்ததும் சில நாட்களுக்கு ஊரில் யாரும் வந்து அவர்கள் மேல் முறைப்பாடு வைக்கலாம். நூற்றாண்டுக் கணக்காக இப்படித்தான் நடக்கிறதாம். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். பத்திரிகைக்குப் பின்னால் இருந்து அப்பா, அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போவார்கள் என்றேன். அவர் நெடுநேரம் பக்கம் திருப்பவில்லை.

திட்டம் அவளுடையது. நான் பயந்தாங்கொள்ளி, ஆனால் பொய் சொல்வதில் அவளைவிடக் கெட்டிக்காரி. கண்காட்சியில் தலைவர்கள் பதவியேற்கும் சடங்கை நடித்துக்காட்டுவோம். தலைவர்களாக அவரவர் அப்பாவைக் கூப்பிடுவோம். நான் அப்பாவிடம் போய், சான் மரினோவின் தலைவராக மேடையில் நிற்க ஒரு பெரியவர் தேவை என்றேன். கழுத்தில் பதக்கச் சங்கிலி போடுவார்கள், இரண்டு நிமிடம் பேசவும் வேண்டும் என்றேன். மற்றத் தலைவர் யார் என்று கேட்டார். எங்கள் ஆசிரியர் என்று கண்ணை வெட்டாமல் சொன்னேன். அதே நேரம் அவள் தன் அப்பாவிடம் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆண்களிடம் தலைவர் பதவி, சங்கிலி, பேச்சு மூன்றையும் ஒன்றாக நீட்டினால் கையை நீட்டாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இரண்டு பேரும் ஓம் என்றார்கள்.

ஒன்றை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தலைவர் என்றால் அவர் தனியே வரமாட்டார்.

கண்காட்சியன்று மாலை ஆறு மணிக்கு அப்பா கோட்டுச் சூட்டில் மண்டபத்துக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் ஒன்றியத்தின் நிர்வாகக் குழு, பட்டுச்சேலையில் மனைவிமார், பொன்னாடை ஒன்று, அந்த உயரமான குத்துவிளக்கு. எந்த விழாவும் விளக்கேற்றாமல் தொடங்கக்கூடாது என்று அவரே தீர்மானித்திருக்கிறார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் மற்ற வாசலால் அங்கிள் வந்தார். அவருக்குப் பின்னால் சங்கம் முழுவதும். அவர்களும் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீடியோக்காரர் மட்டும் ஒரே ஆள். இரண்டு பக்கமும் அவரை ஒழுங்கு பண்ணியிருக்கிறது, அவர் ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் நடுவில் நின்று கமெராவை அங்கும் இங்கும் திருப்பித் திருப்பி வியர்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானின் மேசைக்கு முன்னால் ஈ காக்கை கூட இல்லை. ஜப்பான் வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தது. பெருமையும் பயமும் சேர்ந்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டு தலைவர்களும் எங்கள் மேசைக்கு முன்னால் வந்தபோதுதான் ஒருவரையொருவர் கண்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு வீட்டில் விளக்கம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலில் திரும்புகிறவன் தோற்றவன். ஆகவே இருவரும் போகவில்லை. அப்பா தன் விளக்கை மேசையின் இந்த முனையில் வைத்தார். அங்கிள் தன் விளக்கை அந்த முனையில் வைத்தார். சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். பிறகு ஒரு சொல் இல்லாமல் இரண்டு பக்கமும் நெருப்புப் பெட்டிகள் உரசின. அங்கிள் மூன்று ஏற்றினால் அப்பா நாலு. ஒரு நிமிடத்தில் பத்துத் திரியும் எரிந்தன. அவற்றுக்கு நேர் மேலே வேட்டியும் உட்பாவாடையுமாக எங்கள் கொடி தொங்கியது.

ஆசிரியர் மண்டபத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்தார். பள்ளிக்கூடத்துக்குள் நெருப்பு வைக்க அனுமதி இல்லை, உடனே அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நல்ல மனிதர், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் குனிவதுபோலக் குனிந்து கன்னத்தை உப்பினார்.

"ஊதாதேங்கோ!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்து ஆசிரியரின் ஆளுக்கொரு தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள். விளக்கை வாயால் ஊதி அணைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பதை அந்தப் பதற்றத்தில் யார் ஆங்கிலத்தில் விளக்குவது? அப்பா நோ மவுத், நோ மவுத் என்றார். அங்கிள் ஃபிளவர், ஃபிளவர் என்றார். பூவால்தான் அணைக்க வேண்டும். எங்கள் மேசையில் பூ இல்லை. அங்கிள் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நெதர்லாந்தின் சாடியிலிருந்து ஒரு கைப்பிடி டியூலிப்பை உருவினார். நெதர்லாந்து தடுக்கவில்லை. அதில் பாதியை அவர் யோசிக்காமல் அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் யோசிக்காமல் வாங்கினார். இரண்டு பேரும் குனிந்து நின்று டியூலிப் பூவால் ஒவ்வொரு திரியாக எண்ணெய்க்குள் அமிழ்த்தினார்கள். தன் விளக்கு முடிந்ததும் அப்பா அங்கிளின் விளக்குக்கு வந்தார். அங்கே ஒரு திரி மட்டும் அணைய மறுத்தது.

"எண்ணெய் கூட விட்டிட்டாய்," என்றார் அப்பா.

"உன்ரை திரி மட்டும் என்ன, கயிறு மாதிரி," என்றார் அங்கிள்.

பதினான்கு மாதத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். அவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்து அழலாமா சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசித் திரி அணைந்தபோது சங்கமும் ஒன்றியமும் சேர்ந்து கைதட்டின. சடங்கு அதுதான் என்று நினைத்து மற்ற நாடுகளும் தட்டின.

பிறகு சங்கிலி போட்டோம். சொக்கலேட் சுற்றிவரும் பொன் தாளில் நானும் அவளும் செய்த சங்கிலிகள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று ஆசிரியர் சொன்னார். எங்கள் தலைவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் தொண்டை கூடச் சரியாகாது, கையில் நாலு பக்கம் எழுதியும் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அப்பா தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கரடுமுரடான ஆங்கிலத்தில், இந்த நாட்டை உண்டாக்கியவர் கடலால் வந்தவர், அவரிடம் கல் உடைக்கிற சாமானைத் தவிர ஒரு கடதாசியும் இருந்திருக்காது, என்றார். உலகப் போரின்போது தங்கள் சனத்தைவிடக் கூடுதலான அகதிகளை அந்தச் சின்ன மலையில் வைத்துப் பார்த்தார்கள், அதுதான் எனக்கு இந்த நாட்டில் பிடித்தது, என்றார். முடித்துக்கொண்டார். அங்கிள் முன்னுக்கு வந்தார். எனக்கு முன்னர் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று எங்கள் மேடைகளில் எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் பேசுவார்கள். அங்கிளும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய் அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

காரில் வரும்போது அம்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார், தோள் மட்டும் குலுங்கியது. சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா, ஆசிரியரிடம் கேட்டாயோ, அவர் தலைவராக நிற்கச் சம்மதித்தாரோ என்றார். இல்லை என்றேன். பச்சைப் பொய்யோ என்றார். ஓம் என்றேன். பச்சை விழுந்தது. மாக்ஸ் குறைந்தால் பிறகு கதைக்கிறன் என்று மட்டும் சொன்னார். மாக்ஸ் குறையவில்லை. ஜப்பானைவிட எங்களுக்கு அதிகம்.

இத்தோடு சுபம் என்று எழுத ஆசை. ஆனால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். சங்கமும் ஒன்றியமும் இன்றுவரை சேரவில்லை. இரண்டுக்கும் பிறகு ஒவ்வொரு பிளவு வந்து, ஐந்து ஒழுங்கைக்கு இப்போது நாலு தலைவர்கள். அந்த ஏப்ரலுக்குப் பிறகு அப்பாவும் அங்கிளும் கடையில் கண்டால் தலையாட்டினார்கள். அவ்வளவுதான். யூன் முடிவில் லொறி வந்து அவர்களின் சாமானை ஏற்றிப் போனபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். வேண்டுமென்றே போனாரோ என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலை என்று சொல்ல இனி ஒன்றும் இல்லை. யூலை முழுவதும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். புட்டுக் கூட இறங்கவில்லை. அம்மா புனிதருக்கு முன்னால் நின்று தம்பியின் வழக்கோடு என் பெயரையும் சேர்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஓகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை அப்பா என் அறை வாசலில் வந்து நின்று, இரண்டு நாளுக்கு உடுப்பு எடுத்து வை என்றார். எங்கே என்று கேட்டேன். அஜக்ஸ் என்றார். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன், உள்ளே வரமாட்டேன், ஞாயிறு பின்னேரம் வந்து கோர்ண் அடிப்பேன், நீ வெளியே வரவேண்டும் என்று விதிமுறைகளை அடுக்கினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஏழு வயதுப் பிள்ளைபோலக் கட்டிலில் குதித்தேன் என்பதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்கு இறங்கும் வழியை அவர் தவறவிட்டார். அம்மா எழுதித் தந்த வழி என் மடியில் இருந்தது, ஆனால் வாசிக்க விடவில்லை. ஒருவரிடம் வழி கேட்பது தலைவர்களுக்கு அழகல்ல. அடுத்த ஊரான விட்பி வந்துவிட்டது. புது வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, மரம் ஒன்றும் இல்லை. இரண்டு தரம் ஒரே தெருவைச் சுற்றினோம். நான் பின்சீட்டில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கடைசியில் ஒரு மணித்தியாலம் பிந்தி அஜக்ஸில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். அவள் படியில் இருந்தாள். அம்மாமாரின் தொலைபேசியில் சேதி கேட்டு விடியற்காலையிலிருந்து அங்கேதான் இருந்தாளாம்.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பையைக் கூட எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் புல்லில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்பா கார் இஞ்சினை நிறுத்தவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேரே தெருவில். போய்விடுவார், இப்போது போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்குப் போய்விட்டால் பிறகு ஒவ்வொரு தரமும் வாசலில்தான், கோர்ண் சத்தத்தில்தான்.

கராஜ் கதவு மேலே போனது. அங்கிள் சாரத்தோடு வெறுங்காலில் வெளியே வந்தார். புல்லைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, கார் யன்னலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்டைக்கு உன்ரை பேரை வாசிக்க மறந்துபோனன்ரா," என்றார் அங்கிள். "இறங்கு."

அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டித் திறப்பைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.